மதிலைக் கட்டியவர் யார்?

இங்கிலாந்தின் வடபகுதியில், கிழக்கே டைன் ஆற்றிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை, ஏறத்தாழ 117 கிலோமீட்டர் தூரம் ஒரு பழைய கல்மதில் குன்றுகளின் மேலேறிச் செல்கிறது. பல இடங்களில் இடுப்பளவே எஞ்சியுள்ளது. சில இடங்களில் அதுவுமில்லை. ரோமானியப் பேரரசின் வட எல்லையாக விளங்கிய இதனை இன்று நாம் ஹேட்ரியன் மதில் என்கிறோம். ஆனால், இதைக் கட்டியவர் யார் என்பது நெடுங்காலம் வழக்காகவே இருந்தது.

ரோமர்கள் நாட்டைவிட்டுப் போகும் தறுவாயில் எழுந்த மதில் இது என்று 8ஆம் நூற்றாண்டில் பீட் என்னும் துறவி எழுதினார். செவரஸ் என்ற பேரரசரே கட்டினார் என்பது வேறு சிலர் கொள்கை. உண்மையைச் சொல்லும் சான்று ஏட்டில் இல்லை, மதிலிலேயே இருந்தது. அந்தக் கற்களையோ மக்கள் வீட்டுக்கும் வேலிக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அரசாங்கமும் சளைக்கவில்லை. 1745ஆம் ஆண்டுக் கலகத்திற்குப் பின், பட்டாளம் விரைந்து செல்லச் சாலை போட்டபோது, பல மைல் தூரம் மதிலை இடித்து அதன்மேலேயே போட்டுவிட்டது!

1801இல் வில்லியம் ஹட்டன் என்ற 78 வயது முதியவர் பர்மிங்ஹாமிலிருந்து கால்நடையாகவே வந்து மதிலைக் கண்டார். பிளேன்ட்ரீஸ் என்னுமிடத்தில் நிலக்காரர் ஒருவர் வீடு கட்ட மதிலை இடித்துக்கொண்டிருந்தார். எஞ்சியதையாவது விட்டுவிடும்படி ஹட்டன் கெஞ்சிச் சொல்லியனுப்பினார். அங்கே ஒரு சிறு துண்டு இன்றும் நிற்கிறது. பின்னர் ஜான் கிளேட்டன் என்ற செல்வந்தர், 1834 முதல், மதிலை ஒட்டிய நிலங்களை விலைக்கு வாங்கிக் காத்தார். கெஞ்சுவதைவிட வாங்குவது பலித்தது.

மதிலையொட்டிய சிறு காவற்கோட்டைகளில் கிடைத்த கல்வெட்டுகளில் ஹேட்ரியன் பெயரும், அவருடைய ஆளுநர் நேப்போஸ் பெயரும் இருந்தன. கி.பி. 122இல் பிரிட்டனுக்கு வந்த அந்தப் பேரரசரே மதிலை எழுப்பியவர் என்று 1840இல் ஜான் ஹாட்ஜ்சன் என்ற பாதிரியார் வாதிட்டார். பிறகு நடந்த அகழாய்வுகள் அவர் பக்கமே நின்றன.

ஆனால், பேரரசரா கல் சுமந்தார்? நம் தோட்டங்களில் நிரை பிரித்துக் கொடுப்பதுபோல, ஏறத்தாழ 80 பேர் கொண்ட ஒவ்வொரு படைக்குழுவுக்கும் ஒரு பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. பங்கை முடித்த குழு ஒரு கல்லில் தன் பெயரைப் பொறித்துப் பதித்தது. அப்பெயரும் குழுத்தலைவன் பெயரே.

சாதாரணப் படைவீரரின் குரல் வேறோரிடத்தில் கிடைத்தது. மதிலுக்குச் சற்றுத் தெற்கே விண்டோலாண்டா கோட்டையில், 1973இல், ஈரமண்ணுக்குள் மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் அகப்பட்டன. பல மதிலுக்கும் முந்தியவை. ஒன்றில், காலுறைகளும், இரண்டு சோடிச் செருப்பும், இரண்டு உள்ளாடைகளும் அனுப்பிய செய்தி காணப்படுகிறது.