தேதி தவறிய தேர்தல்

பார்லிமெண்டுத் தேர்தல் பெரிய கோவில் பிரம்மோற்சவம் மாதிரி. சட்டசபைத் தேர்தல் ஊர்த் தேர்த் திருவிழா. பஞ்சாயத்துத் தேர்தல், முனிசிபாலிடித் தேர்தல் இருக்கின்றனவே, அவை தெருக்கோடிப் பிள்ளையாருக்குப் பொங்கல் வைப்பது போன்றவை. முதல் இரண்டுக்கும் நாள் குறித்தால் குறித்ததுதான். பிள்ளையாருக்கு மட்டும், "ஆகட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போவார்கள். இத்தனைக்கும் தினந்தோறும் போகிறபோதும் வருகிறபோதும் நாம் தலையில் குட்டிக்கொள்வது அந்தப் பிள்ளையார் முன்னால்தான்!

ஸ்தல ஸ்தாபனத் தேர்தலைப் பெரிய தேர்தல்களோடு சேர்த்து நடத்துவதா, தனியாக நடத்துவதா என்பது உலகத்தில் பழைய வழக்கு. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தார் 1894-ல் தங்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, நகரத் தேர்தல்களை ஒற்றைப்படை ஆண்டுகளுக்கு மாற்றினார்கள். ஜனாதிபதித் தேர்தல் இரட்டைப்படை ஆண்டில் வருவது. அந்த ஆரவாரத்தில் சாக்கடை விவகாரமும் குப்பை விவகாரமும் மூழ்கிவிடக் கூடாது என்பது கருத்து. ஆனால், தனியே நடத்தினால் ஓட்டுப் போட ஆள் வருவதில்லை என்ற குறையும் அங்கே உண்டு. நம் நாட்டிலும் முன்னாள் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் தலைமையில் அமைந்த குழு, பார்லிமெண்டுக்கும் சட்டசபைகளுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் நடத்த வேண்டும், அடுத்த 100 நாட்களுக்குள் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலை முடிக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் யோசனை சொல்லிற்று.

சேர்த்து நடத்தலாமா, தனியே நடத்தலாமா என்று மற்றவர்கள் வாதாடட்டும். தமிழ் நாட்டில் நமக்குள்ள கேள்வி வேறு. சொன்ன தேதியில் நடக்குமா, நடக்காதா என்பதே அது.

தேர்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம் எல்லோரும் உத்தரமேரூருக்குப் போய்விடுவோம். நானும் போகிறேன், ஆனால் சீக்கிரம் திரும்பி விடுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்கள் அங்கே இருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாரியப் பதவியின் ஆயுள் 360 நாள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் குடத்தில் இடமில்லை. கையாடலுக்கு அவ்வளவு பயந்திருக்கிறார்கள். அதற்கான அவசியம் அப்போதே இருந்தது போலும்!

இதையெல்லாம் படித்து நாம் பெருமைப்படுவது நியாயந்தான். ஆனால் அந்தக் குடத்துக்குள் எட்டிப் பார்த்தால் யாருடைய பெயர்கள் இருந்தன? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேத சாஸ்திரப் படிப்பு வேண்டும். அது பிராமணர்களுக்குப் பிரமதேயமாக விடப்பட்ட ஊர். அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவளின் பெயர் ஓலையில் ஏறவே இல்லை. ஆகவே சோழர் காலத்தில் தேதி இருந்தது. எல்லோருடைய பெயரும் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். பம்பாயையும் கல்கத்தாவையும் முந்திக்கொண்டு 1688-லேயே கார்ப்பொரேஷன் கண்ட நகரம் சென்னை. அந்தச் சென்னையில் 1973-ல் நகர சபையைக் கலைத்தார்கள். மறு தேர்தல் நடந்தது 1996-ல். இடையில் 23 வருஷம் சர்க்கார் நியமித்த தனி அதிகாரிகள் ஆண்டார்கள். கலைத்த வருஷத்தில் பிறந்த குழந்தை, வளர்ந்து பெரியவனாகித் தன் முதல் நகரசபை ஓட்டைப் போட 23 வயது வரையில் காத்திருந்தது!

இப்படி நடக்கக் கூடாது என்றுதான் 1993-ல் அரசியல் சட்டத்தின் 73-வது, 74-வது திருத்தங்கள் அமுலுக்கு வந்தன. பஞ்சாயத்துக்கும் நகரசபைக்கும் ஆயுள் ஐந்து வருஷம். அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். நடுவில் கலைத்தாலும் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். அதன்படி 1996, 2001, 2006, 2011 என்று அக்டோபர் மாதந்தோறும் ஒழுங்காகத்தான் நடந்தது.

2016 அக்டோபரில் ஒழுங்கு குலைந்தது. பழங்குடியினருக்குரிய ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று வழக்கு. தேர்தல் அறிவிப்பை ஹைகோர்ட்டு ரத்துச் செய்தது. பிறகு வார்டுகளைத் திருத்தி வரைய வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு புது ஜில்லாக்கள் பிறந்தன. ஒவ்வொரு காரணமும் தனித் தனியே பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் பதவிகளைக் காலியாக வைத்தன.

கடைசியில் 2019 டிசம்பர் 27-லும் 30-லும் கிராமப்புறத் தேர்தல் நடந்தது. அதுவும் 27 ஜில்லாக்களில் மட்டும். திருவள்ளூர் அந்த 27-ல் ஒன்று. அதன் பக்கத்திலுள்ள காஞ்சீபுரத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அப்போதுதான் அதைப் பிரித்துச் செங்கற்பட்டு ஜில்லாவை உண்டாக்கியிருந்தார்கள்; புதிய எல்லைகள் சரியாகும் வரையில் பொறுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அங்கே தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். அதாவது முழுதாக ஐந்து வருஷம், ஒரு பஞ்சாயத்தின் முழு ஆயுள், தேர்தல் இல்லாமலே கழிந்தது. உத்தரமேரூர் எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 360 நாள் கெடுவைக் கல்லில் வெட்டிய ஊரைச் சுற்றியுள்ள கிராமங்கள்தான் ஐந்து வருஷம் காத்திருந்தன.

திருவள்ளூர் ஜில்லாவின் 14 ஒன்றியங்களில் மார்கழிப் பனியோடு ஓட்டுப் பதிவு தொடங்கிற்று. ஒருவருக்கு நாலு ஓட்டு: வார்டு அங்கத்தினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய அங்கத்தினர், ஜில்லா அங்கத்தினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் சீட்டு. தனியே நடத்தினால் ஆள் வராது என்ற அமெரிக்க அனுபவம் நம் கிராமங்களில் பலிக்கவில்லை. அந்தத் தேர்தலில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் வந்தபோது சென்னை வாசிகளில் பாதிப் பேர்கூட வரவில்லை. ஊர் எவ்வளவு சிறியதோ, ஓட்டின் விலை அவ்வளவு பெரியது என்று நான் இதற்கு அர்த்தம் செய்து கொள்கிறேன்.

தேர்தல் தள்ளிப் போனால் யாருக்கு நஷ்டம்? இதற்கு விடை கும்மிடிப்பூண்டி ஒன்றியத்திலேயே இருக்கிறது. அங்கே ஆத்துப்பாக்கம் என்று ஓர் ஊராட்சி. அந்தத் தேர்தலில் தலைவியாக வந்தவர் அமிர்தம் என்ற பட்டியல் வகுப்புப் பெண்மணி. 2020 ஆகஸ்டு 15-ல் அவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி பத்திரிகைகளில் வந்தது. நாடெங்கும் கேள்வி எழுந்தது. ஐந்து நாள் கழித்து, 20-ந் தேதி, ஜில்லா கலெக்டர் முன்னிலையில் அதே ஊராட்சி அலுவலகத்தில் அவர் கையால் கொடி ஏறிற்று.

இந்தச் சம்பவத்தில் வெட்கப்பட வேண்டிய பகுதி ஊருக்குத் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. தேர்தல் இல்லாத மூன்று வருஷங்களில் இத்தகைய தகராறே எழ வழியில்லை. ஏனென்றால் அமிர்தம் போன்றவர்கள் நாற்காலிக்கு அருகில் வரவே முடியவில்லை. தனி அதிகாரி காலத்தில் காணும் அமைதி அப்படிப்பட்ட அமைதி! பெரிய மனிதர்களுக்கு அதிகாரியைப் போய்ப் பார்க்க எந்தக் காலத்திலும் வழி உண்டு. ஒதுக்கீட்டு இடத்தின் மூலமாகத்தான் ஊர் அலுவலகத்தின் படி ஏற முடியும் என்று இருப்பவர்களுக்கு, தேர்தல் தேதி ஒன்றுதான் வாசல்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு இது இன்னும் பொருந்தும். சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்கு ஆலைகளும், அவற்றை நம்பி வடக்கேயிருந்து வந்த தொழிலாளிகளும் நிறைந்த இடம் அது. தொழில் பெருகினால் குப்பையும் பெருகும், கழிவு நீரும் பெருகும், வரியும் பெருகும். அந்த வரிப் பணத்துக்கு ஊராட்சித் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போட வேண்டும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். ஒன்றியத்தின் 60-க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் வட்டார வளர்ச்சி அதிகாரியே கையெழுத்துப் போடுகிறார் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எத்தனை திண்ணைகளில் உட்கார முடியும்?

2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடக்கவில்லை. மறுநாளே திருவள்ளூர் ஜில்லாவின் 526 ஊராட்சிகளும் மறுபடி தனி அதிகாரிகள் கைக்குப் போயின. கும்மிடிப்பூண்டிப் பேரூராட்சியில் 2022-ல் வந்த அங்கத்தினர்கள் பதவியில் இருந்தார்கள். எல்லையைத் தாண்டிய கிராமத்திலோ ஒருவரும் இல்லை. ஒரே காற்று, ஒரே புகை. ஒரு பக்கத்தாருக்குப் பிரதிநிதி உண்டு, மறு பக்கத்தாருக்கு இல்லை.

சோழர் காலத்துக் குடத்தில் தேதி தவறவில்லை, பெயர்கள் விடுபட்டிருந்தன. ஆயிரம் வருஷம் போராடி அந்தப் பெயர்களைக் குடத்துக்குள் சேர்த்திருக்கிறோம். சேர்த்த பிறகு குடத்தை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டால், ஓலையில் பெயர் இருந்து என்ன பயன்?