பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் யார்? 1954ஆம் ஆண்டுக் கடப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 44 நிமிடத்தில் நீந்திக் கரையேறினார். பாக்கு நீரிணையின் முதல் நீச்சல் கடப்பு இதுவே என்று நம் பொது அறிவு நூல்களும் விளையாட்டு வரலாறுகளும் எழுதிவருகின்றன. ஈழத்துத் தமிழ் எழுத்தில் அந்த இடம் தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமிக்கு உரியது. அவர் 1954 மார்ச் கடைசி வாரத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் நீந்தினார். பன்னிரண்டு ஆண்டு பிந்திய நிகழ்வை முதலாவது என்று கொள்ளும் வாசிப்பு ஏற்கத்தக்கதன்று என்பதே என் துணிபு.

அந்த வாசிப்பின் வலுவை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சென் 1958இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் இந்தியர். 1966 நீச்சலுக்கு இந்திரா காந்தி அரசின் உதவி இருந்தது; இந்தியக் கடற்படையின் சுகன்யா, சாரதா ஆகிய கப்பல்கள் உடன் சென்றன. அவர் கடந்ததில் ஐயத்துக்கு இடமே இல்லை. அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் ஆகியவற்றையும் நீந்தியதால் 1966 என்ற ஆண்டே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சென் கடந்தார் என்பதற்கான சான்று, அவருக்கு முன் எவரும் கடக்கவில்லை என்பதற்குச் சான்றாகிவிடாது. கடற்படை பார்த்திராத நீச்சல் நடக்கவே இல்லை என்ற அனுமானம் இவ்வாசிப்பின் அடியில் பேசப்படாமல் கிடக்கிறது.

குளத்து நீச்சலில் இந்தச் சிக்கல் எழாது. ஸ்வீடனின் ஆர்னே போர்க் 1927இல் பொலோனாவில் 1500 மீட்டரை 19 நிமிடம் 7.2 விநாடியில் நீந்தினார். நீளமும் நேரமும் அளந்தவை, அந்தச் சாதனை 1938வரை நின்றது. நீரிணையில் எங்கே இறங்கி எங்கே ஏறினார் என்பதும் பதிவின் பகுதி. இந்த விவாதத்தின் முடிச்சு அங்குதான் இருக்கிறது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வழி ஆதம் பாலத்து மணல்திட்டுகளை ஒட்டி, பாக்கு விரிகுடாவின் தென் விளிம்பில் செல்கிறது. விரிகுடாவின் வடகிழக்கு வாயில்தான் நீரிணை. அதன் ஒரு கரை யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடமுனை, மறு கரை கோடியக்கரை. இடையே 50 கிலோமீட்டருக்கும் மேல் திறந்த கடல். வரைபடத்தின்படி பார்த்தால் நீரிணையின் குறுக்கே போனவர் நவரத்தினசாமி. இருவரும் நீந்தியது ஒரே வழியன்று என்பதைக் கவனிக்காமலே 'முதல்' என்ற சொல் வழங்கப்பட்டுவிட்டது.

தெற்கு வழி குட்டையானது. சென்னுக்கு 25 மணிக்கு மேல் ஆகியிருக்க, அதைவிட நீண்ட வடக்கு வழியை 27 மணியில் கடப்பது நடக்கக்கூடியதா என்று கேட்கலாம். நவரத்தினசாமியின் வேகம் மணிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். நெடுந்தூர நீச்சலில் இது வியப்புக்குரியதன்று. சென் நீந்திய வழியையே 1994இல் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஏறத்தாழ 16 மணி நேரத்தில் கடந்தான். ஒரே வழியில் இத்தனை வேறுபாட்டை நீரோட்டமும் காற்றும் உண்டாக்கும் என்றால், மணிக்கணக்கை மட்டும் வைத்து 1954ஐத் தள்ளிவிட முடியாது.

பின் ஏன் அது மறைந்தது? தெற்கு வழி நாடறிந்தது. 1914 முதல் போட் மெயில் ரயிலின் பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்தது. சென் கரையேறியது இடிந்த சுவர்களும் மணலும் மிஞ்சிய இடத்தில். அந்தச் செய்திக்கு எடை கூடியதில் வியப்பில்லை. வடக்கு வழி தோணிக்காரர்களுக்குத் தெரிந்த வழி. 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த 'அன்னபூரணி' கப்பலைக் கட்டிய வல்வெட்டித்துறைக்கு அது முற்றத்துக் கடல்; டில்லிக்கு அப்படியன்று.

இன்னொரு காரணத்தையும் முன்வைக்கிறேன், ஊகமாகவே. 1954 மார்ச் 18இல் புதுச்சேரி நகராட்சியும் சுற்றுக் கொம்யூன்களும் வாக்கெடுப்பின்றி இந்தியாவுடன் இணையத் தீர்மானம் நிறைவேற்றின. கோடியக்கரைக்கு வடக்கே அதே கரையில் உள்ள காரைக்கால் அன்று பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. நிர்வாகம் கைமாறியது நவம்பர் 1இல். இந்தக் கரையின் கவனமெல்லாம் இணைப்பில் இருந்த வாரங்களில், அயல்நாட்டு நீச்சல்காரர் ஒருவர் கரையேறியது இந்தியப் பக்கத்தில் ஊன்றாமல் போயிருக்கும். அந்த மாதங்களின் புதுச்சேரியை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

1954ஐ விட்டுவிட்டாலும் சென்னின் முதன்மை நிலைக்காது. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1963இலேயே நீரிணையைக் கடந்தார். 1971இல் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தியவரும் அவரே. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாய் முயற்சியில் உயிரிழந்தார். இவரையும் தாண்டி 1966க்கு வருவதற்கு ஈழத்துப் பதிவுகளைப் புரட்டாத பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

ஆகவே மிகிர் சென் தெற்கு வழியை நீந்திய முதல் இந்தியர் என்று எழுதுவது பொருந்தும். தெற்கு வழியில் அவருக்கு முன் யாரேனும் நீந்தினாரா என்பது தனியே ஆராய வேண்டியது. நவரத்தினசாமியின் கடப்புக்கு ஒற்றைத் தேதி இடுவதையும் தவிர்க்கலாம்: 27 மணி நேர நீச்சல் இரண்டு தேதிகளைத் தொட்டே தீரும். இறங்கிய நாளை ஒருவரும் ஏறிய நாளை இன்னொருவரும் எழுதினால் இருவர் எழுதியதும் சரியே.