ஸ்பைக் தீவு முதல் ஹாம்ப்டன் பார்க் வரை: 'ஸ்டோன் ரோசஸ்' மேடைகளை ரசிகர்கள் மறக்காதது ஏன்?

லண்டன்: பிரிட்டனின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த 'தி ஸ்டோன் ரோசஸ்' இசைக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் மானி, 2025-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி தமது 63-ஆவது வயதில் காலமானார். கேரி மவுன்ஃபீல்டு என்பது அவரது இயற்பெயர். இவரது மறைவுடன், அக்குழுவின் புகழ்பெற்ற நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் நிற்பதற்கான வாய்ப்பு முற்றிலும் முடிவுக்கு வந்தது.

இக்குழு வெளியிட்ட முழுநீள இசைத் தொகுப்புகள் இரண்டே இரண்டுதான். ஆயினும், 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் அது நடத்திய ஒரு சில மேடை நிகழ்ச்சிகள், 35 ஆண்டுகளுக்குப் பிறகும் பிரிட்டனின் ஒரு தலைமுறையால் ஏக்கத்துடன் நினைவுகூரப்படுகின்றன. அவற்றுள் மிக அதிகமாகப் பேசப்படும் நிகழ்ச்சியில் ஒலி அமைப்பு மோசமாக இருந்தது என்பதே இதில் வியப்புக்குரிய செய்தி. இந்த ஏக்கத்தின் பின்னணி குறித்த தொகுப்பு வருமாறு:

யார் இந்த நால்வர்?

ஸ்டோன் ரோசஸ் குழு 1983-ஆம் ஆண்டு மான்செஸ்டரில் தொடங்கப்பட்டது. பலர் வந்து விலகிய பின்னர், 1987-இல் மானி இணைந்தபோது அதன் நிலையான வடிவம் அமைந்தது. பாடகர் இயன் பிரவுன், கிட்டார் கலைஞர் ஜான் ஸ்குவயர், டிரம்ஸ் கலைஞர் ரெனி, பேஸ் கிட்டார் கலைஞர் மானி ஆகியோரே அந்த நால்வர்.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத் தொகுப்பு 1989-ஆம் ஆண்டு மே மாதம் வெளியானது. அதன் அட்டை ஓவியத்தைத் தீட்டியவர் ஜான் ஸ்குவயர். வண்ணங்களைச் சிதறடிக்கும் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலக்கின் பாணியில் அமைந்த அந்த அட்டையில், எலுமிச்சைத் துண்டுகளும் இடம்பெற்றன. 1968-ஆம் ஆண்டு பாரீஸ் போராட்டத்தில், கண்ணீர்ப்புகையின் எரிச்சலைத் தணிக்க மாணவர்கள் எலுமிச்சையைப் பயன்படுத்தியதை நினைவூட்டும் குறியீடு அது.

ரேவ் அலை என்றால் என்ன?

இக்குழுவின் மேடைகளைப் புரிந்துகொள்ள, அக்காலத்து பிரிட்டனைப் புரிந்துகொள்வது அவசியம். அமெரிக்காவின் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களில் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய ஹவுஸ், டெக்னோ ஆகிய மின்னணு நடன இசை வகைகள், 1980-களின் பிற்பகுதியில் பிரிட்டனுக்குள் பரவின. ஸ்பெயினின் இபிசா தீவுக்கு விடுமுறைக்குச் சென்று திரும்பிய டிஜேக்களும் இந்த இசையைத் தங்களுடன் கொண்டு வந்தனர். 1988-ஆம் ஆண்டின் கோடைக்காலம், இளைஞர்களிடையே 'இரண்டாவது அன்புக் கோடை' என்று பெயர் பெற்றது.

கைவிடப்பட்ட கிடங்குகளிலும், நகருக்கு வெளியே உள்ள வயல்வெளிகளிலும் ஆயிரக்கணக்கானோர் கூடி விடிய விடிய நடனமாடினர். இந்தக் கூட்டங்களே 'ரேவ்' என அழைக்கப்பட்டன. மான்செஸ்டரில் இதன் மையமாக விளங்கியது, 1982-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'ஹசியெண்டா' நடன அரங்கு. 'ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்' நிறுவனமும் 'நியூ ஆர்டர்' இசைக்குழுவும் இணைந்து இதை நடத்தின.

உரிமம் இல்லாத கூட்டங்களை அரசு கடுமையாக எதிர்கொண்டது. 1990-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், உரிமம் இன்றி இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துவோருக்கு 20,000 பவுண்டு வரை அபராதமும் 6 மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்க வழிசெய்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரு படி மேலே சென்று, திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தையே சட்ட வரையறைக்குள் கொண்டு வந்தது.

ராக் இசையும் நடனமும் சந்தித்த இடம்

அதுவரை ராக் ரசிகர்களும் நடன அரங்கு ரசிகர்களும் பெரும்பாலும் வெவ்வேறு முகாம்களாகவே இருந்தனர். ராக் நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் மேடையை நோக்கி நிற்பார்கள்; நடன அரங்கிலோ ஒருவரையொருவர் நோக்கி ஆடுவார்கள். இந்த இடைவெளியை நிரப்பிய மான்செஸ்டர் குழுக்களில் முதன்மையானவை ஸ்டோன் ரோசஸும் 'ஹேப்பி மண்டேஸ்' குழுவும் ஆகும்.

ஸ்டோன் ரோசஸின் தனித்தன்மைக்குக் காரணம், ரெனியின் டிரம்ஸும் மானியின் பேஸ் கிட்டாரும் இணைந்து அமைத்த அடித்தளம். 1960-களின் கிட்டார் இசையை நினைவூட்டும் மெட்டுகளுக்குக் கீழே, கால்களை நிற்கவிடாத ஃபங்க் தாளம் ஓடியது. 1989-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 'ஃபூல்ஸ் கோல்டு' இதற்குச் சிறந்த சான்று. சுமார் 10 நிமிடம் நீளும் இப்பாடல், பிரிட்டன் தனிப்பாடல் விற்பனைப் பட்டியலில் 8-ஆவது இடத்தைப் பிடித்தது.

அதே நவம்பர் 23-ஆம் தேதி, பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஸ்டோன் ரோசஸ், ஹேப்பி மண்டேஸ் ஆகிய இரு குழுக்களும் ஒரே நாளில் தோன்றின. மான்செஸ்டர் அலை நாடு முழுவதற்குமான அலையாக மாறிய தருணமாக இது கருதப்படுகிறது. தொளதொளப்பான கால்சட்டையும், ரெனி அணிந்த வட்டத் தொப்பியும் இளைஞர்களின் சீருடையாகவே ஆயின.

கடற்கரை நகரில் ஒரு நாள்

வழக்கமான அரங்குகளைச் சுற்றிவரும் பயணத்தைத் தவிர்த்து, ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சியையும் ஒரு தனி விழாவாக நடத்துவதே இக்குழுவின் அணுகுமுறையாக இருந்தது. 1989-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி, பிளாக்பூல் நகரின் எம்பிரஸ் பால்ரூமில் சுமார் 4,000 பேர் முன்னிலையில் இசைத்தனர். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக விடுமுறைக்குச் செல்லும் கடற்கரை நகரம் பிளாக்பூல். பாட்டுக் கேட்க வந்த பயணம், ரசிகர்களுக்கு ஒரு நாள் சுற்றுலாவாகவும் அமைந்தது. நவம்பர் 18-ஆம் தேதி லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸில் சுமார் 7,000 பேர் கூடினர்.

பெரும்பாலான நிகழ்ச்சிகள் 'ஐ வான்னா பி அடோர்டு' பாடலின் மெல்லிய பேஸ் ஒலியுடன் தொடங்கி, 'ஐ ஆம் தி ரெசரெக்‌ஷன்' பாடலின் நீண்ட வாத்திய இசையுடன் நிறைவுபெற்றன. ரசிகர்கள் எவ்வளவு ஆரவாரம் செய்தாலும், மீண்டும் மேடைக்கு வந்து கூடுதல் பாடல் இசைக்கும் வழக்கம் இக்குழுவுக்கு இருந்ததில்லை.

ஸ்பைக் தீவு: ரசாயன மண்ணில் ஒரு திருவிழா

1990-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி நடந்த ஸ்பைக் தீவு நிகழ்ச்சியே இவை அனைத்திலும் முக்கியமானது. செஷயர் மாவட்டத்தின் விட்னெஸ் நகரில், மெர்சி ஆற்றுக்கும் சாங்கி கால்வாய்க்கும் இடையே அமைந்த நிலப்பகுதி இது. விட்னெஸின் முதல் ரசாயன ஆலை 1847-ஆம் ஆண்டு இங்குதான் நிறுவப்பட்டது. பிரிட்டன் ரசாயனத் தொழிலின் தொட்டில்களில் ஒன்றாக விளங்கிய இப்பகுதி, ஆலைகள் மூடப்பட்டபின் நச்சுக் கழிவு மண்டிய பாழ்நிலமாகிப் போனது. 1975 முதல் 1982 வரை சீரமைக்கப்பட்டுப் பூங்காவாக மாற்றப்பட்டது.

அங்கு சுமார் 27,000 முதல் 30,000 பேர் வரை திரண்டனர். வழக்கமான துணை ராக் குழுக்களுக்குப் பதிலாக, டிஜேக்களும் ஜிம்பாப்வே முரசுக் கலைஞர்களும் மாலை வரை இசைத்தனர். அதாவது, சட்டத்துக்கு அஞ்சி நள்ளிரவில் கூடிய ரேவ் கொண்டாட்டம், உரிமம் பெற்ற பகல் வெளிச்சத்துக்கு வந்த நாள் அது.

ஆனால், குறைகள் ஏராளம். திறந்தவெளியில் வீசிய காற்று ஒலியைத் திசைமாற்றியதால், பின்வரிசையில் நின்றோருக்குப் பாடல்கள் தெளிவாகக் கேட்கவில்லை. குடிநீருக்கும் கழிப்பறைக்கும் நீண்ட வரிசைகள் இருந்ததாகவும், கொண்டுவந்த உணவு நுழைவாயிலிலேயே பறிமுதல் செய்யப்பட்டதாகவும் பங்கேற்ற பலர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

குறைகளை மீறி நிலைத்தது எப்படி?

அப்படியிருந்தும் அந்த நாள் ஏன் மறக்கப்படவில்லை என்ற கேள்விக்கான விடை, மேடையில் அன்றி, மேடைக்கு எதிரே இருந்தது எனலாம். ஆலைகள் மூடல், வேலையின்மை ஆகியவற்றால் 1980-கள் முழுவதும் துவண்டிருந்த வட இங்கிலாந்தின் இளைஞர்கள், தாங்கள் எத்தனை பேர் என்பதை அன்றுதான் நேரில் கண்டனர். தங்கள் ஊர்ப் பேச்சு வழக்கிலேயே பேசும், தங்களைப் போலவே உடுத்தும் நால்வர், தலைநகரின் தயவின்றி ஒரு பெருவிழாவை நடத்திக் காட்டினர்.

அன்றைய நிகழ்ச்சியின் முழுமையான, தரமான படப்பதிவு இல்லாததும் மற்றொரு காரணம். கேமரா கொண்ட கைப்பேசிகள் இல்லாத காலம் அது. சரிபார்க்கப் பதிவு இல்லாதபோது, நினைவே ஆவணமாகி விடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெருகேறவும் செய்கிறது.

அந்த நினைவு கலைப் படைப்புகளாகவும் உருவெடுத்தது. 'ஸ்பைக் ஐலண்டு' என்ற பெயரிலேயே 2012-இல் ஒரு திரைப்படம் உருவானது. ஷெஃபீல்டு நகரின் 'பல்ப்' இசைக்குழுவின் பாடகர் ஜார்விஸ் காக்கர், அந்நிகழ்ச்சிக்குச் சென்ற பெண் ஒருவர் கூறிய சொற்களைக் கொண்டு 1995-இல் ஒரு பாடலுக்குத் தலைப்பிட்டார். 30 ஆண்டுகள் கழித்து, 2025-இல் அதே குழு 'ஸ்பைக் ஐலண்டு' என்ற தலைப்பிலேயே புதிய பாடலை வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

வழக்கும் பிரிவும்

ஸ்பைக் தீவுக்குப் பின் இரு வாரங்களில், 1990 ஜூன் 9-ஆம் தேதி கிளாஸ்கோ கிரீன் பூங்காவில் குழு இசைத்தது. அதன் பிறகு, தங்கள் ஒலிப்பதிவு நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை எதிர்த்துக் குழு நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 1991 மே மாதம் தீர்ப்பு குழுவுக்குச் சாதகமாக அமைந்தது. ஆனால், இரண்டாவது இசைத் தொகுப்பு 1994 டிசம்பரில்தான் வெளியானது. அதற்குள் ரசிகர்களின் கவனம் வேறு குழுக்களின் பக்கம் திரும்பிவிட்டது. 1995-இல் ரெனியும், 1996-இல் ஸ்குவயரும் விலகினர். அதே ஆண்டு அக்டோபரில் குழு கலைந்தது. மானி 'பிரைமல் ஸ்கிரீம்' குழுவில் இணைந்தார்.

மீண்டும் கூடிய நால்வர்

நால்வரும் மீண்டும் இணைவதாக 2011 அக்டோபர் 18-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. முதல் நிகழ்ச்சி, 2012 மே 23-ஆம் தேதி, விட்னெஸுக்கு அருகிலுள்ள வாரிங்டன் நகரின் பார் ஹாலில், அதே நாளில் வெளியான அறிவிப்புடன் நடைபெற்றது. கட்டணம் கிடையாது; ஆனால் குழுவின் இசைத்தட்டு, சட்டை போன்ற ஏதேனும் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை. பணியிடங்களிலிருந்து விரைந்த நடுத்தர வயதினர், வீட்டில் பத்திரப்படுத்திய பழைய பொருள்களுடன் வரிசையில் நின்ற காட்சி, இயக்குநர் ஷேன் மெடோஸின் 'மேட் ஆஃப் ஸ்டோன்' ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளது.

அதே ஆண்டு, மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க்கில் மூன்று நாள்கள் நடந்த நிகழ்ச்சிகளுக்கு மொத்தம் சுமார் 2,20,000 நுழைவுச் சீட்டுகள் விற்பனையாயின. கடைசி நிகழ்ச்சி 2017 ஜூன் 24-ஆம் தேதி கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் நடந்தது. முடிந்துவிட்டதே என வருந்த வேண்டாம், நடந்தது என்பதற்காக மகிழுங்கள் என்ற பொருள்பட இயன் பிரவுன் அன்று ரசிகர்களிடம் பேசினார். குழு கலைந்துவிட்டதை ஸ்குவயர் 2019-இல் உறுதிப்படுத்தினார்.

ஏக்கத்தின் மறுபக்கம்

ரேவ் காலத்தை வெறும் பொற்காலமாக மட்டும் சித்திரிப்பது முழு உண்மையாகாது. அந்தக் களிப்பில் எக்ஸ்டசி போதை மாத்திரைக்குப் பெரும் பங்கு இருந்தது. 1989-இல் ஹசியெண்டா அரங்குக்குச் சென்ற இளம்பெண் ஒருவர் அம்மாத்திரையை உட்கொண்டு உயிரிழந்தார். போதைப்பொருள் வணிகத்தைப் பின்தொடர்ந்து வந்த கும்பல்களின் வன்முறையும், கடன் சுமையும் சேர்ந்து 1997-இல் அந்த அரங்கை மூடவைத்தன. அதே இடத்தில் இன்று அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு உள்ளது.

புதிய குழுக்கள் உருவாகும் சிறிய அரங்குகளும் அருகி வருகின்றன. 2023-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 125 சிறிய அரங்குகள் மூடப்பட்டன அல்லது நேரடி இசையைக் கைவிட்டன என 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' அமைப்பு தெரிவித்தது. மறுபுறம், பழைய குழுக்களின் மறுசந்திப்பு நிகழ்ச்சிகளுக்கு மைதானங்கள் நிரம்பி வழிகின்றன. கடந்த காலத்துக்குச் சீட்டு வாங்கப் பெருங்கூட்டம் இருக்கும் ஒரு நாட்டில், அடுத்த ஸ்பைக் தீவு எந்தச் சிறு அரங்கிலிருந்து புறப்படும் என்பதே இசை உலகின் முன் உள்ள கேள்வி.

ஸ்பைக் தீவு இன்று நடைப்பயிற்சி செல்வோரும் பறவைகளைக் காண வருவோரும் நாடும் அமைதியான பூங்கா. அங்கு ஒலித்த பேஸ் கிட்டாரை இசைத்த கைகள் ஓய்ந்துவிட்டன. அன்று பின்வரிசையில் நின்று பாதிப் பாடலை மட்டுமே கேட்டவர்களோ, இப்போது ஐம்பது வயதைக் கடந்த நிலையிலும், மீதிப் பாதியைத் தங்கள் நினைவிலிருந்தே நிரப்பிக்கொள்கின்றனர்.