ஆற்றங்கரைக் குரலும் அச்சடித்த தாளும்

மக்களின் உள்ளத்தை ஆள விரும்புகிறவன் முதலில் அவர்களுடைய செவியைப் பிடிக்கிறான். பிறகு கண்ணைப் பிடிக்கிறான். கோயில் மண்டபத்துப் புராணமாகட்டும், கொடை விழா வில்லுப்பாட்டாகட்டும், அச்சேறிய ஏடாகட்டும், வானொலியாகட்டும், இன்று உள்ளங்கையில் ஒளிரும் கைப்பேசியாகட்டும், கருவி மாறுகிறது, வேலை மாறுவதில்லை. பேசுகிறவன் யார்? யாரை நோக்கிப் பேசுகிறான்? அவன் பேச்சை நம்பி நாம் எவ்வளவு தூரம் நடந்துவிட்டோம்? இவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். பாடம் தேடி அயல்நாடு போக வேண்டியதில்லை. தாமிரபரணி பாயும் நெல்லைச் சீமை 1908-இல் ஒரு பாடத்தையும், 1911-இல் மற்றொரு பாடத்தையும் நமக்காக எழுதி வைத்திருக்கிறது.

1908! சென்னையிலிருந்து 'சுதேசமித்திரன்' நாளேடு வந்துகொண்டிருந்த காலம். பாரதியாரின் 'இந்தியா' கிழமை ஏடு கனல் கக்கிக்கொண்டிருந்த காலம். ஆனால் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. பஞ்சாலையில் நூல் நூற்றவனுக்கும், வண்டி ஓட்டியவனுக்கும், வயலில் உழன்றவனுக்கும் ஏடு எட்டாக் கனி. அவர்களுக்கு எட்டியது குரல் ஒன்றே. வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையிலும் நெல்லையிலும் பேசினார்கள். நாள்தோறும் கூட்டம், நாள்தோறும் முழக்கம். படிக்காதவனுக்கு அந்த மேடையே ஏடு. அந்தப் பேச்சே செய்தி.

பேச்சு வெறுங் காற்றாய்ப் போகவில்லை. பிப்ரவரி 27-ஆம் நாள் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் கூலி உயர்வு பெற்றனர்; ஓய்வு நாள் பெற்றனர். குரலின் வலிமையை வெள்ளையர் ஆட்சி அப்போதே புரிந்துகொண்டது. கூட்டங்களில் காவல்துறையின் குறிப்பெழுதிகள் அமர்ந்து பேச்சுகளை எழுதிக்கொண்டனர். மார்ச் 12-இல் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் நெல்லை எரிந்தது. நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டன. காவலர் சுட்டதில் நான்கு உயிர்கள் மாய்ந்தன. சூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார்: சிதம்பரனாருக்கு இரட்டை வாழ்நாள் தண்டனை, சிவாவுக்குப் பத்தாண்டு. குறிப்பெழுதிகள் எழுதிய அந்தப் பேச்சுகளே வழக்கில் சான்றுகள்!

அடுத்து ஏடுகளின் மீது பாய்ந்தது சட்டம். 'சுதேசமித்திரன்' ஆசிரியர் சுப்பிரமணிய ஐயர் அதே ஆண்டில் கைதானார். 'இந்தியா' புதுச்சேரிக்குப் போயிற்று; 1910-இல் நின்றும் போயிற்று. அந்த ஆண்டு வந்த அச்சகச் சட்டம் எஞ்சிய வாய்களுக்கும் பூட்டுப் போட்டது. தண்டனை மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் சிறை வாயிலை விட்டு வெளிவந்தார் சிதம்பரனார். அலை அலையாய்த் திரண்டு கேட்ட அந்த மக்கள் எங்கே? அவர் கட்டிய கப்பல் கம்பெனி எங்கே? கம்பெனி கலைந்திருந்தது, கூட்டமும் கலைந்திருந்தது.

மக்களை நன்றி கொன்றவர் என்று ஏசுவது எளிது. ஆனால் ஒரே குரலைச் சார்ந்து நின்றவர்கள் அவர்கள். குரல் அடைபட்டதும் திசை தெரியாமல் நின்றார்கள். தாமே படிக்க, தாமே ஆராய, தாமே கூடிப் பேசக் கற்றிராத மக்கள், பேசுகிறவன் போனதும் ஊமையாவது இயற்கையே.

அதிலும் ஓர் ஒளிக்கீற்று உண்டு. கைது செய்தி கேட்டதும் தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வண்டிக்காரரும், முடி திருத்துவோரும், சலவைத் தொழிலாளரும் சேர்ந்துகொண்டனர். திலகரின் தண்டனையைக் கண்டித்துப் பம்பாய்த் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது அதே ஆண்டு சூலையில்தான். நெல்லைச் சீமை நான்கு மாதம் முந்திக்கொண்டது! கேட்டதைக் கூட்டுச் செயலாக மாற்றப் பழகியவர்கள் தலைவன் சிறையிலிருந்தபோதும் செயல்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி இரண்டாம் பாடம். 1911 சூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனும் தன்னைச் சுட்டுக்கொண்டு மாண்டான். இதன் பின்னணியில் இருந்தது ஆயிரம் பேர் கேட்ட மேடையன்று; புதுச்சேரியில் அச்சாகி மறைவாய்க் கைமாறிய துண்டறிக்கைகள். அவற்றுள் ஒன்று யாரை விளித்தது தெரியுமா? 'ஆரியர்'களை! வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதம் சனாதன தர்மம் மிதிக்கப்படுவதைச் சொல்லிக் குமுறியது. அரசன் ஐந்தாம் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சன் என்று இகழ்ந்தது. கோரல் ஆலைத் தொழிலாளியின் கூலியைப் பற்றி அதில் ஒரு சொல் உண்டா? இல்லை.

அந்த இளைஞனின் துணிவை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பின்னாளில் இந்தக் கதையை நமக்குச் சொன்ன மேடைகளும் ஏடுகளும் துப்பாக்கி ஒலியைப் பலமுறை கேட்க வைத்தன. கடிதத்தின் சொற்களை மட்டும் பல வேளை ஓசைப்படாமல் ஒதுக்கி வைத்தன. பொய் சொல்லித்தான் மக்களை ஏய்க்க வேண்டும் என்பதில்லை, தோழர்களே! உண்மையில் பாதியை மறைத்தாலே போதும்.

1933-இல் ஜெர்மனியில் நாஜிகள் மலிவு விலையில் 'மக்கள் வானொலி'ப் பெட்டியை வீடுதோறும் பரப்பினர். ஒரே குரல் கோடிச் செவிகளில் விழுந்தது. விளைவை உலகம் குருதியில் கண்டது. 1963-இல் நெல்லைக்கும் வானொலி நிலையம் வந்தது. உழவனுக்கு வானிலையும் வேளாண்மைச் செய்தியும் சொல்லி ஊர்களுக்கு உதவிய கருவி அது. கருவி ஒன்றே, பிடித்த கை வேறு.

இன்று குரல்கள் ஆயிரம். ஆனால் கைப்பேசியில் வந்தது என்பதற்காகவே நம்புகிறவனுக்கும், கதாகாலட்சேபத்தில் கேட்டது என்பதற்காகவே நம்பிய அவன் பாட்டனுக்கும் என்ன வேறுபாடு? ஆகவே இளைஞர்களே, எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: சொல்பவன் யார்? யாருக்காகச் சொல்கிறான்? சொல்லாமல் விட்டது எது? நம் ஏட்டிடமும் இதையே கேளுங்கள். நம் மேடையிடமும் தயங்காமல் கேளுங்கள். படிப்பகத்தில் நாலு பேர் கூடி நாலு ஏட்டை ஒப்பிட்டுப் படியுங்கள். குரல் அடைபட்டாலும் கலையாத கூட்டம் அங்கேதான் உருவாகும்.