இடாப்பும் வாக்கும்: அலுவிகாரை – மாத்தளை வட்டாரத்தின் தேர்தல் வரலாறு, 1931–2024

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ9 வீதியில், ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற குகை விகாரையால் புகழ்பெற்ற ஊர் இது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர் தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்ததும் இந்த வடக்குப் பாதையில்தான். ஊர்ப் பெயரைத் தாங்கிய அலுவிகாரை குடும்பத்தினர் மாத்தளையின் பிரதிநிதிகளாகவும், பாதையில் வந்தவர்களின் சந்ததியினர் நீண்டகாலம் வாக்கற்றவர்களாகவும் இருந்தனர். மாத்தளை ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) கோட்டை என்றும், அங்கு மக்கள் திரளாக வாக்களிப்பது வழமை என்றும் சொல்லப்படுவதுண்டு. இவ்விரு கூற்றுகளையும் வாக்காளர் இடாப்பின் வரலாற்றோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சர்வசன வாக்குரிமையும் அதன் எல்லையும்

1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கியது. எனினும் இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு இவ்வுரிமை நிபந்தனையின்றிக் கிடைக்கவில்லை. நிரந்தர வதிவு, கல்வி அல்லது சொத்துத் தகுதி, நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் ஆகியவற்றுள் ஒன்றைக் காட்டியவரே இடாப்பில் இடம்பெற்றனர். கண்டிப் பிரதேசத் தலைவர்கள் தோட்ட வாக்குகள் தம் தொகுதிகளை விழுங்கிவிடும் என்று அஞ்சியதன் விளைவு இது.

1936இல் அரசாங்க சபைக்கு மாத்தளையிலிருந்து தெரிவான பேர்னாட் அலுவிகாரை, 1947இல் ஐ.தே.க. சார்பில் நாடாளுமன்றம் சென்றார். 1951இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவுடன் வெளியேறி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரானார். 1952 தேர்தலை ஒட்டி மீண்டும் ஐ.தே.க.வில் சேர்ந்தார். மாத்தளையின் கட்சிச் சாய்வு எனப்பட்டது தொடக்கத்தில் ஒரு குடும்பத்தின் செல்வாக்கோடு பின்னிக் கிடந்தது என்பதற்கு இந்தப் போக்குவரவே சான்று. பண்டாரநாயக்காவுக்கு ஆதரவாக எழுந்த 1956 தேர்தல் அலையில் சுதந்திரக் கட்சியின் நிமல் கருணாதிலக்க இத்தொகுதியை வென்றபோது, அச்செல்வாக்கும் அசைக்கக்கூடியது என்பது தெரிந்தது.

சுருங்கிய இடாப்பு, உயர்ந்த வீதம்

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. அடுத்த ஆண்டே வந்த 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கு மட்டுமே வாக்கு என்றாக்கியது. நாடு முழுவதிலும் 1947இல் ஏறத்தாழ 30.5 இலட்சமாக இருந்த பதிவு வாக்காளர் தொகை, மக்கள்தொகை பெருகிய நிலையிலும், 1952இல் 30 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது.

இதன் இரண்டாவது விளைவு நுட்பமானது. தொகுதி நிர்ணயம் வாக்காளர் தொகையை அன்றி மொத்த மக்கள்தொகையையும் நிலப்பரப்பையும் அடிப்படையாகக் கொண்டது. ஆகவே வாக்கிழந்த தொழிலாளர் தலைகளாக எண்ணப்பட்டு ஆசனங்களைக் கூட்டினர். அந்த ஆசனங்களை நிரப்பும் அதிகாரம் எஞ்சியோரிடம் சென்றது. கண்டிய சிங்கள வாக்கின் பெறுமதி இவ்வாறு உயர்ந்தது.

நாடளாவிய வாக்களிப்பு 1970இல் 85 வீதத்தையும் 1977இல் ஏறத்தாழ 87 வீதத்தையும் எட்டியதை ஜனநாயக ஆர்வத்தின் உச்சமாகக் கூறுவர். அந்த வீதத்தின் பகுதியெண் இடாப்பு. மாத்தளைச் சுற்றுவட்டாரத் தோட்ட லயன்களில் வாழ்ந்த நாடற்றோர் அதில் இல்லை. 1977இல் ஐ.தே.க.வின் அலிக் அலுவிகாரை மாத்தளையை வென்றதும் இத்தகைய இடாப்பின் மீதுதான். மாவட்டத்தின் வடக்கில், உலர்வலயத் தம்புள்ளையில், தென்னக்கோன் குடும்பம் சுதந்திரக் கட்சிக்கு வேர்பிடித்தது. இருதுருவக் கட்சி அரசியல் இரு சிங்கள இல்லங்களைச் சுற்றி அமைந்த காலம் அது.

அச்சமும் மீட்சியும்

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தமிழருக்கு எதிரான 1983 யூலை வன்முறையில் மாத்தளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. 1986, 1988 சட்டங்களால் எஞ்சிய நாடற்றோர் பெரும்பாலும் பிரசைகளாயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பணியை நிறைவுசெய்தது.

வாக்கு திரும்பிக் கிடைத்த தருணமோ கொடியது. மக்கள் விடுதலை முன்னணியின் பகிஷ்கரிப்பு மிரட்டலுக்கும் அரசின் பதிலடிக்கும் நடுவே நடந்த 1988 டிசம்பர் சனாதிபதித் தேர்தலில் நாட்டின் வாக்களிப்பு 55.32 வீதமாகச் சரிந்தது. அம்முன்னணியின் கிளர்ச்சி கடுமையாக இருந்த மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. அங்கே வீட்டிலிருந்தவரை அக்கறையற்றவர் எனக் கணிப்பது தவறு. வாக்குச்சாவடிக்குச் செல்வது உயிராபத்தாக இருந்தது.

கோட்டையின் தகர்வு

1989 முதல் விகிதாசார முறையும் விருப்பு வாக்கும் தொகுதியின் இடத்தில் மாவட்டத்தை வைத்தன. அதன்பின் மாத்தளை மாவட்டத்தின் ஐந்து ஆசனங்கள் அலைக்கேற்ப மாறியுள்ளன. 2010இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு நான்கு, 2015இல் ஐ.தே.க. அணிக்கு மூன்று, அவற்றுள் இரண்டு வசந்த, ரஞ்சித் அலுவிகாரைகளுக்கு. 2020இல் பொதுஜன பெரமுனவுக்கு நான்கு. 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு நான்கு. 2020இல் ஐ.தே.க.வுக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஒருகாலத்தில் தேர்தலையே பகிஷ்கரிக்கச் சொன்ன மக்கள் விடுதலை முன்னணி, தேசிய மக்கள் சக்தியின் மையமாக நின்று அதே மாவட்டத்தை வென்றது. பரம்பரைக் கோட்டை என்ற விளக்கம் இனிப் பொருந்தாது.

மாவட்ட மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் தமிழர், அதற்குச் சற்றுக் குறைந்த பங்கினர் முஸ்லிம்கள். ஆயினும் 2010 முதல் 2024 வரையான நான்கு பொதுத்தேர்தல்களிலும் இவ்விரு சமூகத்தவர் எவரும் மாத்தளையிலிருந்து தெரிவாகவில்லை. இடாப்பில் சேர்ந்த வாக்கு ஆசனமாகத் திரளவில்லை. பெருங்கட்சிகளின் வெற்றி வித்தியாசத்துள் கரைந்தது.

2019 சனாதிபதித் தேர்தலில் 83.72 வீதமாக இருந்த நாடளாவிய வாக்களிப்பு, 2024 செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் 79.46ஆகவும், நவம்பர் பொதுத்தேர்தலில் 68.93ஆகவும் இறங்கியது. இவ்வீழ்ச்சியை 1977இன் உயர்வோடு ஒப்பிட்டுக் குடிமக்களின் ஆர்வம் தேய்ந்துவிட்டதாக முடிவுகட்டுவது முறையன்று. 1977இன் கணக்கு நாடற்றோரை விலக்கியது. 2024இன் கணக்கு அவர்களின் பிள்ளைகளையும் பேரர்களையும் உள்ளடக்கியது. யார் வாக்களித்தனர் என்பதற்கு முன், யாருக்கு வாக்கு இருந்தது என்று கேட்கும் ஆய்வே அலுவிகாரை போன்ற ஊர்களின் அரசியலைச் சரியாக அளக்கும்.