குக்ரி: எஃகும் வாயும்

குக்ரி நேபாள மலைமக்களின் வளைந்த வெட்டுக்கத்தி. நேபாளி மொழியில் குகுரி. கூர்க்கா படையினரின் ஆயுதமாக உலகம் அதை அறிந்தது என்றாலும், அடிப்படையில் அது வீட்டுக் கருவி. விறகு பிளக்க, மூங்கில் வெட்ட, புதர் களைய, இறைச்சி துண்டாக்க என எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் காட்டாமல் திரும்ப வைக்கக்கூடாது என்றொரு கதை உண்டு. அன்றாடம் அதைக்கொண்டு விறகு வெட்டும் குடும்பத்தில் அந்தக் கதை ஒருநாள்கூடத் தாங்காது.

காட்மாண்டுவின் தேசிய அருங்காட்சியகத்தில், 1559-ல் கோர்க்கா அரசை நிறுவிய திரவ்ய ஷாவுடையது என்று கருதப்படும் குக்ரி ஒன்று உள்ளது. 1793-ல் நேபாளம் சென்ற வில்லியம் கிர்க்பாட்ரிக் தன் பயணநூலில் (1811) இக்கத்தியைப் பற்றி எழுதினார். 1814-1816 போரில் கிழக்கிந்தியக் கம்பெனி அதன் வெட்டை நேரில் கண்டது. 1815 முதல் கூர்க்காக்களைத் தன் படையில் சேர்த்துக்கொண்டது.

கத்தியின் எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவலானது. காய்கறி நறுக்கும் மெல்லிய கத்திக்கு அது ஓரளவு சரி. வெட்டுக்கத்திக்குச் சரியல்ல. மரக்கணுவிலோ எலும்பிலோ ஓங்கி இறங்கும்போது, மிகக் கடினமான வாய் துண்டுதுண்டாகப் பொரிந்துவிடும். மிக மென்மையான வாய் மடங்கிவிடும். மடங்கிய வாயை நிமிர்த்தலாம், பொரிந்ததைச் சாணைபிடித்துத் தேய்த்துத்தான் சீராக்க வேண்டும். ஆகவே வெட்டுக்கத்திக்கு முதலில் வேண்டியது முறியாத் தன்மை, அடுத்தே கடினம். கரிமம் கூடக்கூட எஃகு கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் ஏறும். தென்னிந்தியாவின் புகழ்பெற்ற மூசை உருக்கில் கரிமம் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை இருந்தது. வாளுக்குப் பெயர்பெற்ற உருக்குதான், ஆனால் விறகு பிளக்க அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நேபாளக் கொல்லருக்கோ தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் இருந்ததில்லை, கிடைத்ததே எஃகு. மோட்டார் வண்டிகள் பெருகிய பின் அவர்களுக்குக் கிடைத்தது லாரி, பேருந்துகளின் ஸ்பிரிங் பட்டை. அதில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு. சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் போன்றவை வகைக்கேற்பச் சேர்ந்திருக்கும். பல ஆண்டுகள் சுமைதாங்கி வளைந்து நிமிரவென்றே செய்யப்பட்ட உலோகம். பழைய இரும்புக்கடையில் எடைக்குக் கிடைத்த இந்தக் கழிவு, குக்ரிக்கென்றே உருக்கியதுபோல அமைந்துவிட்டது. திருப்பாச்சேத்தி அரிவாளும் இதே பட்டையில்தான் அடிக்கப்படுகிறது.

இனி தோய்ச்சல். பழுக்கக் காய்ச்சிய கத்தி முழுவதையும் நீரில் முக்கினால் முதுகும் வாயும் ஒன்றாக இறுகும், கத்தி நடுவில் முறியும் அபாயம் உண்டு. விரிசல் விழவும் கூடும், ஏனெனில் ஸ்பிரிங் எஃகு எண்ணெயில் தோய்க்க உகந்தது. நேபாளக் கொல்லர் கத்தியை முக்குவதில்லை. மூக்குள்ள கெண்டியிலிருந்து மெல்லிய நீர்த்தாரையை வாயோரமாக மட்டும் ஊற்றுகிறார். வெட்டு விழும் வயிற்றுப்பகுதிக்கு அதிக நீர், முனைக்குக் குறைவு, கைப்பிடிக்குள் செல்லும் காம்புக்கு நீரே இல்லை. பிறகு நிறுத்துகிறார். முதுகில் தேங்கியிருக்கும் சூடு மெல்லப் பரவி வாய்க்குத் திரும்பி, அதன் நொறுங்கும் தன்மையைத் தணிக்கிறது. பட்டறையில் வெப்பமானி கிடையாது. நிறத்தைப் பார்த்தே சூட்டை அறிய வேண்டும், அதற்காகத்தான் வெளிச்சம் குறைந்த இடம். நன்கு அமைந்த குக்ரியின் வாய் ராக்வெல் சி அளவில் 55-57 அளவுக்கு வரும். முதுகு அதைவிட வெகுவாக மென்மையாக இருக்கும். ஜப்பானியச் சமையல் கத்திகள் பல 60-ஐத் தாண்டுபவை.

எஃகு பாதிதான். மறுபாதி வாயின் வடிவம். தென்னமெரிக்கக் கரும்புத் தோட்டங்களின் மச்செட்டே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான், ஏனெனில் பசுந்தண்டை வேகத்தால் வெட்டுகிறது. குக்ரி கட்டையைப் பிளக்க வேண்டும். எனவே முதுகு பெரும்பாலும் ஆறு மில்லிமீட்டருக்கு மேல். வாய் தட்டையாக அன்றி இருபுறமும் புடைத்து வளைந்து கூர்மையில் முடிகிறது. இந்தப் புடைப்பு கூருக்குப் பின்னால் உலோகத்தை நிறுத்தித் தாங்குகிறது, மரத்தை இருபக்கமும் தள்ளிக் கத்தி இறுகிச் சிக்காமலும் காக்கிறது. எடை கூடாமலிருக்கப் பக்கங்களைக் குழித்து அடிப்பது ஆங் கோலா வகை. சிரு என்னும் புல்லின் இலைபோல் மெலிந்தது சிருபாத்தே. மெலிந்தது வீசுவதற்கு நல்லது, விறகுக்கு அவ்வளவு உதவாது. உறையில் கூடவே இரண்டு சிறு துணைகள் இருக்கும். கர்தா சிறுகத்தி. சக்மக் என்பது கூரில்லாத எஃகுத் துண்டு. மடங்கிய வாயை நிமிர்த்தவும், கல்லில் உரசித் தீமூட்டவும் உதவும். வாய் மடங்கும், பொரியாது என்ற நம்பிக்கையில்தான் இத்தகைய துணை உறையில் இடம்பெற்றது.

தசைன் பண்டிகையில் எருமைத் தலை ஒரே வெட்டில் விழாவிட்டால் அதைத் தீநிமித்தமாகக் கொண்டனர். அந்தக் கனத்த கத்தியை அடித்த கொல்லர்களும் காமி சாதியினரே. 1854-ல் ஜங் பகதூர் ராணா காலத்து முலுகி ஐன் சட்டம் காமிகளைத் தீண்டப்படாதோர் வரிசையில் வைத்தது. அவர்கள் தொட்ட நீரை மேல்சாதியார் ஏற்கவில்லை, ஆனால் அவர்கள் நீரூற்றி இறுக்கிய கத்தி எல்லோருடைய இடுப்பிலும் இருந்தது. கருவிகளை அடித்துப் பழுது பார்ப்பதற்குக் கூலி ஆண்டுக்கொருமுறை அளக்கும் தானியம். பாலி கரே என்று பெயர். நம் ஊர்க்கொல்லருக்குக் களத்தில் அளந்த நெல்லைப் போன்றது. காமிகளில் பலர் விஸ்வகர்மா என்ற பெயரைச் சூடிக்கொண்டனர். தமிழகக் கம்மாளரும் அதே பெயரை உடையவர்கள், ஆனால் இங்கே அப்பெயர் பூணூலோடும் உயர்நிலைக் கோரிக்கையோடும் வந்தது. 1963-ல் வந்த புதிய முலுகி ஐன் சாதிப் படிநிலைக்கு அளித்த சட்ட ஏற்பை விலக்கிக்கொண்டது. ஊர்க்கிணறுகளில் அது நடைமுறைக்கு வர இன்னும் பல்லாண்டுகள் பிடித்தன. அதற்குள் பல காமி இளைஞர்கள் உலைக்களத்தை விட்டு வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்டனர்.