எச்சமும் இலாபமும்

பெரு நாட்டின் பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே, கடலில், சிஞ்சா என்னும் மூன்று சிறு தீவுகள் கிடக்கின்றன. அங்கே மரமில்லை, குடிநீரில்லை, மழையும் மிக அரிது. ஆயினும் 1840ஆம் ஆண்டுக்குப் பின் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக ஐரோப்பிய, அமெரிக்க வணிகக் கப்பல்கள் இத்தீவுகளைச் சூழ்ந்து, மாதக்கணக்கில் முறை பார்த்து நின்றன. அவை ஏற்ற வந்த சரக்கு பறவை எச்சம். கெச்சுவா மொழியிற் பசளையைக் குறிக்கும் சொல்லே திரிந்து ‘குவானோ’ என உலகச் சந்தையில் வழங்கலாயிற்று. இயற்கையின் பொருட்சுழற்சி எவர் கையால், எவர் இலாபத்துக்காக அறுக்கப்பட்டது என்பதை இச்சரக்கின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகின்றது.

இவ்வெச்சம் அங்கே குவிந்த விதத்தை முதலில் நோக்குவோம். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. காற்று மேல்நீரைக் கரையினின்றும் அப்பால் தள்ள, அவ்விடத்தை நிரப்ப ஆழத்து நீர் மேலெழுகின்றது. இறந்த உயிர்கள் ஆழத்தில் வீழ்ந்து சிதைந்தமையால் விடுபட்ட நைதரசனும் பொசுபரசும் அந்நீரோடு ஒளியுள்ள மட்டத்துக்கு வருகின்றன. கண்ணுக்குப் புலப்படாத தாவரப் பிளாந்தன்கள் சூரிய ஒளியைக் கொண்டு அவ்வுப்புக்களைத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. அவற்றையும் அவற்றை மேயும் நுண்விலங்குகளையும் அஞ்சோவெத்தா என்னும் நெத்தலி இனம் உண்கின்றது. நெத்தலியை நீர்க்காகமும் கூழைக்கடாவும் பிற கடற்பறவைகளும் உண்கின்றன.

சக்தி இச்சங்கிலியில் ஒருவழிப் பயணி. ஒவ்வொரு கணுவிலும் அதன் பெரும்பகுதி வெப்பமாகக் கழிய, ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே அடுத்த கணுவைச் சேரும், கழிந்தது திரும்புவதில்லை. நைதரசனும் பொசுபரசும் அவ்வாறல்ல. உடல் விட்டு உடல் மாறி, நீரிலும் மண்ணிலும் தங்கி, மீண்டும் மீண்டும் உயிருக்கு உழைப்பவை அவை. பெருவின் கடலிற் கணுக்கள் சிலவே. ஆதலாற் கோடிக்கணக்கான பறவைகளை அக்கடலாற் போஷிக்க முடிந்தது. மழையில்லாத் தீவுகளில் அவற்றின் எச்சம் கரையாது படிந்து, சில இடங்களில் 30 மீற்றருக்கும் மேலாக உயர்ந்தது.

இன்கா மக்களும் அவர்களுக்கு முன் கரையோரத்தில் வாழ்ந்தோரும் இப்பசளையின் அருமையை அறிந்திருந்தனர். இன்கா ஆட்சியில் தீவுகள் மாகாணங்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தன என்றும், குஞ்சு பொரிக்குங் காலத்தில் அங்கே காலடி வைத்தவனுக்கும் பறவையைக் கொன்றவனுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது என்றும், இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ 1609இல் வெளியிட்ட நூலில் எழுதினார். தண்டனை கொடிதுதான். எனினும் கடல் ஆண்டுதோறும் தந்த வட்டியை உண்டு முதலைக் காத்த ஒழுங்கு அது.

1804இல் ஹம்போல்ட் இப்பொருளின் மாதிரியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். அதற்கு உடனடி வரவேற்பு இருக்கவில்லை. 1840இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக், பயிர் மண்ணிலிருந்து எடுப்பதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தாலன்றி வளம் நிலையாது என விளக்கினார். இங்கிலாந்தின் நிலங்களோ அப்போது களைத்திருந்தன. தானியமும் இறைச்சியும் நகரத்துக்குச் சென்றன; நகரத்தின் கழிவு வயலுக்குத் திரும்பாது ஆற்றில் வீழ்ந்தது. 1858ஆம் ஆண்டின் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றத்தாற் பாராளுமன்றமும் தவித்தது. வயலுக்கு உரியது ஆற்றில் நாறிக்கொண்டிருக்க, வயலுக்கு வேண்டியதை உலகின் மறுபுறத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டிருந்தனர்! இதைப் பெருங் கொள்ளையென லீபிக் கண்டித்தார். அவரை ஊன்றிக் கற்ற கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் அக்கண்டனத்தை ஒரு படி மேலே கொண்டு சென்றார். மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றத்தைக் குலைக்கும் அதே உற்பத்தி முறைதான் தொழிலாளியின் உடலையும் உறிஞ்சுகின்றது என்பது அவர் கண்ட முடிவு.

சிஞ்சாத் தீவுகளில் இவ்விரு உறிஞ்சலும் ஒருங்கே நிகழ்ந்தன. 1849க்கும் 1874க்கும் இடையில் ஏறக்குறைய ஓர் இலட்சம் சீனர் எட்டாண்டு ஒப்பந்தத்திற் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குச் சென்றனர். தீவுகளுக்கு அனுப்பப்பட்டோரின் கதியே மிகக் கொடியது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து தொன் வெட்டித் தள்ள வேண்டும். அமோனியா நெடியுடைய தூசி கண்ணையும் மூச்சையும் எரித்தது. தவறினால் சவுக்கு. மலைமுகட்டிலிருந்து கடலிற் பாய்ந்து உயிர் நீத்தவர்களைப் பற்றி அக்காலப் பிரயாணிகள் எழுதியுள்ளனர். இவர்களுக்கு இடப்பட்ட பெயர் ‘கூலி’. அதே தசாப்தங்களில் மன்னார் வழியாக நடந்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம்மவருக்கும் அப்பெயரே இடப்பட்டது.

இலாபம் எங்கே சென்றது? குவானோ பெரு அரசின் உடைமை. ஆனால் பிரித்தானியாவில் அதை விற்கும் உரிமை 1842 முதல் 1861 வரை இலண்டனின் அன்ரனி கிப்ஸ் கம்பனியிடம் இருந்தது. கிப்ஸ் குடும்பம் பெருஞ்செல்வம் சேர்த்தது. பெரு அரசுக்கு எதுவும் கிட்டவில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. 1854இல் ஜனாதிபதி கஸ்தில்லா அடிமைகளை விடுவித்ததும் சுதேசிகளின் தலைவரியை நீக்கியதும் இவ்வருமானத்தின் பலத்தினாலேயே. ஆனால் நட்டஈடு அடிமைகளுக்குக் கொடுக்கப்படவில்லை, எசமானருக்கே கொடுக்கப்பட்டது. எதிர்கால எச்சத்தை ஈடுவைத்து அரசு கடன்மேற் கடன் வாங்கியது. 1870களின் நடுவிற் சிஞ்சா ஏறக்குறைய வெறும் பாறையாயிற்று. 1876இற் பெரு கடனிறுக்க முடியாது கைவிரித்தது. நாற்பது ஆண்டுகளில் வெளியேறியது ஏறக்குறைய ஒரு கோடியே இருபது இலட்சம் தொன்.

பின்னர் கண்கள் அற்றகாமாப் பாலைவனத்து வெடியுப்பின்மீது திரும்பின. அதற்காக 1879இல் மூண்ட போரிற் பெரு தரப்பாக்காவையும் பொலிவியா தன் கடற்கரையையும் சிலியிடம் இழந்தன. 1909இல் ஹாபர் வளியின் நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் ஆலை எழுந்தது. அன்று தொட்டு நைதரசனுக்குப் பறவை வேண்டியதில்லை. நிலக்கரியும் எரிவாயுவும், அதாவது புதையுண்ட பழைய சூரிய ஒளி, போதும். தேயிலைப் பெட்டியோடு மலைநாட்டு மண்ணின் நைதரசனையும் கப்பலேற்றும் நம் நாடு அவ்வாலைகளுக்கு எவ்வளவு கட்டுப்பட்டுள்ளது என்பதை, 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து சில மாதங்களிற் பின்வாங்கிய அரசின் செயல் உழவருக்கு உணர்த்தியது.

1909இற் பெரு அரசு ஒரு குவானோ நிர்வாகக் கம்பனியை அமைத்தது. காவல் இடப்பட்டது, பறவைகளுக்காகக் கரையோர முனைகளிற் சுவர்கள் எழுந்தன. 1950களின் நடுவிற் பறவைகள் இரண்டு கோடியைத் தாண்டின. முதலைக் காத்து வட்டியை உண்ணும் ஒழுங்கு திரும்பியது எனலாம். ஆனால் இம்முறை முதலாளிகள் சங்கிலியின் வேறொரு கணுவிற் கைவைத்தனர். நெத்தலியைப் பறவை உண்ணுமுன் வாரி, அரைத்து மாவாக்கி, ஐரோப்பா, வட அமெரிக்காவின் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீனியாக விற்றனர். பெருவின் ஏழைக் குழந்தைக்கு நேரே உணவாகியிருக்கக்கூடிய மீன், இன்னொரு கணு சுற்றி, பெரும்பகுதிச் சக்தியை வெப்பமாக இழந்து, செல்வர் மேசையை அடைந்தது. 1970இற் பிடிபட்டது ஒரு கோடியே இருபது இலட்சம் தொன்னுக்கு மேல். 1972இல் எல் நினோவினால் வெந்நீர் பரவியபோது, ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி வாரப்பட்டிருந்த மீனினம் சரிந்தது. இறந்த பறவைகள் கரையொதுங்கின.

சிஞ்சாவிற் பறவைகள் இன்றும் உள்ளன, பழைய தொகையில் இல்லாவிடினும். 2009இல் அத்தீவுகளும் முனைகளும் தேசிய ஒதுக்கிடமாக்கப்பட்டன. ஒரு தீவைச் சில ஆண்டுகள் பறவைகளிடமே விட்டு, பின் சில மாதங்கள் மட்டும் எச்சம் சேகரிக்கின்றனர். இயந்திரத்தின் இரைச்சல் பறவைகளைக் கலைக்கும் என்பதால், மலைப்பகுதிகளிலிருந்து வரும் கெச்சுவாத் தொழிலாளர் பிக்காசாலும் மண்வெட்டியாலும் சுரண்டிச் சாக்குகளிற் கட்டுகின்றனர். அச்சாக்குகள் கப்பலேறுமுன் தொழிலாளர் தோளிலேயே ஏறுகின்றன.